கெஞ்சாத பாட்டு: பெரம்பூர் வீட்டு அறையில் ஒரு பிரிவு பேலட்

மூன்றரை நிமிடப் பாட்டு, மெதுவாக நகரும் பேலட் வகை. பியானோ, அகூஸ்டிக் கிட்டார், பேஸ், கொஞ்சம் ட்ரம்ஸ், ஒரு பெண் குரல். அன்பு வற்றிப்போன ஒரு வீட்டிலிருந்து ஒருத்தி கிளம்புகிறாள். சண்டை இல்லை, மூன்றாம் ஆள் இல்லை. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போகிறாள், அவ்வளவுதான் கதை. எழுத உட்கார்ந்தபோது நானே போட்டுக்கொண்ட நிபந்தனை ஒன்று உண்டு: பாட்டு எந்த இடத்திலும் கெஞ்சக் கூடாது. ட்யூன், சுருதி, மைக் வைத்த தூரம், ரிவெர்ப் (ஒலிக்குப் பின்னால் சேர்க்கும் எதிரொலி), கடைசி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) எல்லாமே கடைசியில் அந்த நிபந்தனையில்தான் வந்து நின்றன. வீட்டில் பாட்டு பண்ணுகிறவர்களுக்கு உபயோகப்படும் என்று எழுதி வைக்கிறேன்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளை ஹெட்ஃபோனில் மாற்றி மாற்றிக் கேட்டேன். அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் எழுதி 1974-இல் வெளியிட்ட 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ', அப்புறம் அதையே விட்னி ஹூஸ்டன் 1992-இல் பாடியது. பார்ட்டன் அதை எழுதியது காதலனைப் பிரிவதற்கு அல்ல. 1967-இலிருந்து தன்னை டிவி நிகழ்ச்சியில் பாட வைத்த போர்ட்டர் வேகனரை விட்டு விலகித் தனியாகப் போவதற்கு. அவருடைய பதிவில் குரல் பெரிதாக எழும்புவதே இல்லை. கடைசிச் சரணத்தைப் பாடக்கூட இல்லை, பேசுகிறார். விட்னியின் பதிவோ வாத்தியமே இல்லாமல் தொடங்கி, மெல்ல ஏறி, ஒரு நிசப்தம் விட்டு, ஒற்றை ட்ரம் அடியோடு சுருதியை ஏ-யிலிருந்து பி-க்குத் தூக்குகிறது. இரண்டுமே விடைபெறும் பாட்டுகள்தான். 1992 பதிவு அதை ஊருக்கே அறிவிக்கிறது, 1974 பதிவு எதிரே நிற்கும் ஆளிடம் மட்டும் சொல்கிறது. விட்னியின் குரலோடு யாரும் போட்டி போட முடியாது, அதில் பேச்சே இல்லை. ஆனால் என் பாட்டில் கிளம்புகிறவளுக்குப் பக்கத்து அறைவரை கேட்டால் போதும்.

முதலில் ட்யூன், அதன் மேல் வரி. நம் சினிமாப் பாட்டு வழக்கம்தான். கீபோர்டில் வலது கையால் மெட்டை வாசித்து, தத்தகாரமாகப் பாடி ஃபோனில் பதிந்துகொண்டு, அதன் மேல் சொற்களைப் போட்டுப் பார்த்தேன். நீளும் ஸ்வரத்தில் நெடில் விழ வேண்டும். குறிலை இழுத்துப் பாடினால் சொல்லே மாறிப்போகிறது, அல்லது டப்பிங் படப் பாட்டு மாதிரி ஒலிக்கிறது. பல்லவியின் முதல் இரண்டு ஸ்வரங்களும் ஆளுக்கு ஒரு பார், அதாவது நாலு தட்டு நீளம். அங்கே உட்கார நெடிலும் நெடிலும் சேர்ந்த சொல் தேவை. 'போறேன்' கச்சிதமாக உட்கார்ந்தது.

போறேன்… கோபமா இல்ல
போறேன்… கண்ணீரும் இல்ல
சாவி இருக்கு மேஜை மேல
தேட வேணாம் நாளைக்கு

சரணத்தின் முதல் வரைவில் கேள்விகள் நிறைய இருந்தன. ஏன் மாறினாய், எங்கே தொலைந்தாய் என்ற வகை. கேள்வி கேட்கிறவள் பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று அர்த்தம், அதனால் கேள்விக்குறி வந்த வரிகளை எல்லாம் அடித்துவிட்டேன். 'நீ' என்று தொடங்கும் வரிகளும் போயின. அவை குற்றப்பத்திரிகை வாசிப்பது போல இருந்தன. மழை, நிலா, சருகு இவையும் தானாக வந்து உட்கார்ந்திருந்தன. இவற்றை விரட்டுவதுதான் உண்மையில் கஷ்டம், ஏனென்றால் எல்லாமே மெட்டுக்கு அழகாகப் பொருந்துகின்றன. கடைசியில் நின்றது வீட்டுக்குள் கண்ணுக்குத் தெரிகிற சாமான்கள்:

ஒரே வீட்டு சாவி ரெண்டு, ரெண்டு பேர் கையில
ஒரே நேரம் திறந்ததில்ல ஒரு வருஷமா

மெட்டிலும் இதே வேலை. முதலில் போட்டபடி 'போறேன்' பஞ்சமத்தில் தொடங்கி மேல் ஷட்ஜத்துக்கு ஏறியது. நடிகை ஒருத்தி வாசலில் நின்று, யாராவது தடுப்பார்களா என்று பார்ப்பது போலவே இருந்தது. ஏறி முடியும் சொல் பெரும்பாலும் கேள்வி கேட்கிறது, இறங்கி முடியும் சொல் அறிவிக்கிறது; நாம் பேசும்போதும் அப்படித்தான். ஆகவே திருப்பிப் போட்டேன்: மேல் ஷட்ஜத்தில் தொடங்கி பஞ்சமத்தில் இறங்கும். அதே இரண்டு ஸ்வரம், அதே நீளம். கீழே கார்டு டி-யிலிருந்து இ-க்குப் போகிறது. சரணத்தில் ஏ, இ, எஃப் ஷார்ப் மைனர், டி என்ற சாதாரண வரிசைதான், பேஸ் மட்டும் ஏ, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப் என்று படி இறங்கும். பல்லவியை வேண்டுமென்றே ஏ-யில் தொடங்கவில்லை. ஏ-தான் பாட்டு வந்து நிலைக்கும் வீட்டுக் கார்டு; அதை அவள் கிளம்பும் கடைசி நொடிவரை பல்லவிக்குள் கொண்டுவரக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

வேகம் 66 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 66 தட்டு. 72-இல் நடை கொஞ்சம் உற்சாகமாக இருந்தது. 60-க்கு இறக்கினால் சோகம் கூடும் என்று தோன்றும்; கூடியது சோகம் இல்லை, இழுவை. ஒவ்வொரு சொல்லும் 'என்னைப் பார், என்னைப் பார்' என்றது. 66-இல் ஒரு தட்டு சுமார் 909 மில்லிசெகண்ட், நாலு தட்டுப் பார் ஒன்று 3.6 செகண்டுக்குச் சற்று மேல். 60 பாரில் பாட்டு முடிந்துவிடுகிறது.

பாடியவர் எங்கள் சர்ச் கொயரில் ஆல்ட்டோ (பெண் குரல்களில் தாழ்ந்த பகுதி) பாடும் அக்கா. நான் மெட்டமைத்தது சி-யில், அதாவது ஒன்றாம் கட்டையில். அதில் பாட்டின் உச்ச ஸ்வரம் அவருக்கு எட்டுகிறது, ஆனால் கழுத்து நரம்பு தெரிகிறது. அந்த முறுக்கம் காதுக்குத் தவிப்பாகத்தான் கேட்கும். ஏ-க்கு, அதாவது ஆறு கட்டைக்கு இறக்கியதும் குரல் பேசுகிற இடத்துக்கு வந்துவிட்டது. கீழ் ஷட்ஜம் இப்போது 220 ஹெர்ட்ஸ். அங்கே அவர் குரலில் ஒரு கனம் இருக்கிறது, முதல் சரணம் முழுக்க அந்தப் பக்கத்திலேயே உலாவுகிறது. பாடகருக்குச் சுருதியைத் தேர்ந்தெடுக்கும்போது மேல் ஸ்வரம் எட்டுகிறதா என்று மட்டும் பார்ப்பவர்கள் அதிகம். கீழ் ஸ்வரத்தில் குரலுக்கு உடம்பு இருக்கிறதா என்பதுதான் பேலடுக்கு முக்கியம் என்பேன்.

அந்த 220-தான் அறையில் வம்பு செய்தது. நான் பதிவது படுக்கையறையில். மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, கதவில் இரண்டு போர்வை தொங்கவிட்டு, ஃபேனை அணைத்துவிட்டால் சுமாரான அமைதி கிடைக்கும். ஆனால் அக்கா கீழ் ஷட்ஜத்தைப் பிடிக்கும்போதெல்லாம் எங்கிருந்தோ மெல்லிய கிர்ர் சத்தம். கேபிளா, மைக் ஸ்டாண்டா என்று ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தோம். கடைசியில் இரும்பு பீரோ. அந்த ஸ்வரத்துக்கு மட்டும் அதன் கதவுத் தகடு கூடவே அதிர்கிறது. கீபோர்டில் அதே ஸ்வரத்தை ஸ்பீக்கர் வழியாக ஒலிக்கவிட்டு, பீரோ மேல் உள்ளங்கையை வைத்தால் நன்றாகவே தெரிந்தது. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் மடித்த துணியைச் செருகி, மேலே அடுக்கியிருந்த பெட்டிகளை இறக்கியதும் நின்றுவிட்டது. இந்த மாதிரிச் சத்தத்தை அப்புறம் ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) எடுத்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. 220-ஐ வெட்டினால் பீரோவோடு சேர்ந்து குரலும் போகும்.

பெரம்பூரில் இருந்துகொண்டு ரயில் ஹாரனைப் பற்றிப் புகார் சொல்வது நியாயமில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் தொடங்கி, ஹாரன் கேட்டால் நிறுத்தி, போனதும் தொடர்ந்தோம். முதலில் வைத்த கண்டென்ஸர் மைக் நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கும் வகை, ரயிலையும் கீழ் வீட்டு மோட்டாரையும் சேர்த்தே வாங்கியது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் ஃபேண்டம் பவரை அணைத்துவிட்டு, மேடையில் பாடப் பயன்படும் சாதாரண டைனமிக் மைக்குக்கு மாறினேன். மேல் அலைவரிசைப் பளபளப்பு குறைந்தது, அறையும் குறைந்தது. இந்தப் பாட்டுக்கு அது லாபம்தான். மீதி இருந்த 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல், ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிளை மாட்டி, லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டியதும் போய்விட்டது.

'போறேன்' என்பதில் இன்னொரு தொல்லை, அந்தப் 'போ'. தமிழ்ப் பகரத்தில் காற்று அதிகம் வெளியேறாது. ஆனால் அக்கா வருஷக்கணக்காக இங்கிலீஷ் கீதங்கள் பாடியவர், முக்கியமான சொல்லுக்கு வாய் தானாகவே காற்றைக் கூட்டுகிறது. ஒவ்வொரு பல்லவியின் தொடக்கத்திலும் மைக்கில் தொப்பென்று ஓர் அடி. பாப் ஃபில்டர் பாதியைத் தடுத்தது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் ஒரு சாண் தள்ளி, கன்னத்துப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வைத்ததும் மீதியும் அடங்கியது. மூச்சுக் காற்று நேராகப் போய்விடுகிறது, குரல் மட்டும் மைக்குக்கு வருகிறது. வீட்டில் பதிகிறவர்கள் காசு செலவழிப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய முதல் வேலை இதுதான்.

பாடும் விதத்தில் பேச்சு நடந்தது. வரி முடிகிற இடங்களில் அக்கா அழகான அசைவுகள் போடுகிறார், 'நாளைக்கு' என்பதில் குரல் லேசாக உடைந்தது. கேட்க உருக்கமாகத்தான் இருந்தது.

"அக்கா, அந்த உடைசல் வேண்டாம். நேரா விட்டுடுங்க."

"என்ன தம்பி, இவ அழவே மாட்டாளா?"

"போன வருஷமே அழுது முடிச்சுட்டாக்கா."

கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இது அவ அட்ரஸ் சொல்ற மாதிரி பாடணும்," என்றார். அதைவிடச் சரியான டைரக்‌ஷன் எனக்கே தோன்றியிருக்காது. அடுத்து வந்த டேக்கில் சங்கதி இல்லை, நடுக்கம் இல்லை. 'சாவி இருக்கு மேஜை மேல' என்பது தகவலாக வந்தது. அப்புறம் தண்ணீர் குடித்துக்கொண்டே, "ஆனா கிளம்பறப்போ 'போறேன்'னு சொன்னா எங்கம்மா அடிப்பாங்க," என்று சிரித்தார்.

வாத்திய அமைப்பில்தான் அதிக நேரம் போனது. பேலடுக்கு ஒரு பழகிய ஏணி இருக்கிறது: தனிப் பியானோ, கிட்டார், பேஸும் ட்ரம்ஸும், வயலின் கூட்டம், சுருதி உயர்வு, கத்தல். கடைசிப் பல்லவியை ஏ-யிலிருந்து பி-க்குத் தூக்கியும் பார்த்தேன். சினிமா க்ளைமாக்ஸ் போல நன்றாகவே இருந்தது, ஆனால் அந்த இடத்தில் அவள் கிளம்பவில்லை, ஜெயிக்கிறாள். வேறு பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டேன். பின்னணியில் நீண்டு ஒலிக்கும் வயலின் பேடும் போயிற்று. வயலின் ஏறும்போது கேட்பவருக்கு இங்கே கண் கலங்க வேண்டும் என்று உத்தரவு வருகிறது, குரல் சொல்லாத ஒன்றைப் பின்னணி கெஞ்சிச் சொல்கிறது.

கடைசியில் நின்ற அமைப்பு இது. முதல் சரணத்தில் பியானோ மட்டும், பல்லவியில் கிட்டார் சேரும். இரண்டாம் சரணத்தில் பேஸும் பிரஷ் ட்ரம்ஸும். இரண்டாம் பல்லவிதான் பாட்டின் உச்சம், நடுவிலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பின் எல்லாம் இறக்கம். கடைசிப் பல்லவியின் முதல் வரிக்கு முன்பே ட்ரம்ஸ் நின்றுவிடும், இரண்டாம் வரியில் பேஸ், மூன்றாம் வரியில் கிட்டார். நான்காம் வரிக்குப் பியானோவில் இரண்டே ஸ்வரங்கள் மிச்சம்.

இதில் ஒரு சின்ன நுணுக்கம். ட்ராக்கைப் பார் எல்லையில் கத்தரித்தால் ஒலி வெட்டுப்பட்டது போல இருக்கும், ரிவெர்பின் வாலும், அதாவது மெல்ல அடங்கும் எதிரொலியும், சேர்ந்து அறுந்துபோகும். ம்யூட் பட்டனைத் தொடவே கூடாது. பேஸின் கடைசி ஸ்வரத்தை முழுக்க ஒலிக்கவிட்டு, அடுத்த ஸ்வரத்தை வாசிக்காமல் விட்டுவிட வேண்டும். அந்த இடத்தை நான் எடிட் பண்ணாமல் திரும்ப வாசித்தே பதிந்தேன். இன்னொன்றும் கவனித்தேன். கிட்டார் நின்றதை யாரும் சொல்வதில்லை, ட்ரம்ஸ் நின்றதைச் சிலர் சொல்கிறார்கள், பேஸ் நின்றதும் என்ன ஆயிற்று என்று தெரியாமலே நிமிர்ந்து உட்கார்கிறார்கள். தரை விலகுகிறது அல்லவா?

முடிவுக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒலியை மெல்லக் குறைத்து மறைக்கும் ஃபேட் அவுட் வைத்தால் பாட்டு எங்கேயோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள் வரும். அவளும் தெருமுனையில் நிற்கிறாள். டி கார்டில் நிறுத்தினால் யாராவது பின்னால் வந்து கூப்பிடுவார்கள் என்பது போல ஒரு தொங்கல். ஏ மேஜரில் இறங்கினால் சுபம் போட்டாற்போல ஆகிறது. நான் ஏ-க்கே வந்தேன், ஆனால் காந்தாரத்தை எடுத்துவிட்டேன். மேஜரா மைனரா என்று சொல்வது காந்தாரம்தான். அது இல்லாவிட்டால் மிஞ்சுவது ஷட்ஜமும் பஞ்சமமும், தம்பூராவில் கேட்பது போல. குரல் பஞ்சமத்தில் முடிகிறது. அந்த முடிவில் வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை, முடிந்துவிட்டது என்ற தகவல் மட்டும் இருக்கிறது. வேகத்தையும் குறைக்கவில்லை. கடைசி வரியில் மெதுவாகிற பாட்டு திரும்பிப் பார்க்கிற பாட்டு.

மிக்ஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் செய்தேன். குரலில் 85 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 280 பக்கம் 2 டெசிபல் இறக்கம், உரத்த இடங்களை அமுக்கும் கம்ப்ரஸர் 3-க்கு 1, அதிகபட்சம் 4 டெசிபல் அழுத்தம். சகர ஒலிகளின் சீறலைக் குறைக்க 6500 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக டீ-எஸ்ஸர். ரிவெர்ப் பிளேட் வகை, உலோகத் தகட்டின் அதிர்வு போல ஒலிப்பது. பேலட் என்றதும் கை தானாக 3 செகண்ட் வாலுக்குப் போகும், ஆனால் அவ்வளவு நீளம் வைத்தால் அவள் காலி மண்டபத்தில் நின்று பாடுகிறாள். 1.4 செகண்டில் நிறுத்தினேன். முன்தாமதம் 28 மில்லிசெகண்ட், 909-ஐ 32-ஆல் வகுத்தால் வருவது. அந்த இடைவெளியால் சொல் முதலில் காதில் விழுகிறது, அறை அப்புறம்தான் வருகிறது. பியானோவில் 100-க்குக் கீழே எடுத்துவிட்டேன், அங்கே பேஸ் இருக்கட்டும். மொத்த உரப்பு மைனஸ் 15 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவுகோல்) அளவில் நின்றது. யூடியூப் மைனஸ் 14-ஐத் தாண்டுவதைத்தான் குறைக்கும், அதற்குக் கீழ் இருப்பதை ஏற்றாது. ஆக கொஞ்சம் தாழ்வாகத்தான் கேட்கும். வால்யூம் கூட்ட வேண்டியவர்கள் கூட்டிக்கொள்ளட்டும்.

எல்லாம் முடிந்தது என்று ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோது கடைசிப் பல்லவியில் ஒன்றுமே நடக்கவில்லை. காரணம் எளிது. பேஸின் ஏ 55 ஹெர்ட்ஸ், டி 73 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கரில் அந்த அலைவரிசையெல்லாம் கிட்டத்தட்ட இல்லை. முதலிலிருந்தே காதில் விழாத வாத்தியம் நின்றால் யாருக்குத் தெரியும்? கேட்கப்போகிறவர்களில் பாதிப் பேர் ஃபோனில்தான் கேட்பார்கள்.

பேஸ் உரப்பைக் கூட்டினால் ஹெட்ஃபோனில் இடிக்கிறது. ஆகவே பேஸ் ட்ராக்கை இரண்டாக நகல் எடுத்தேன். ஒன்று அப்படியே. மற்றொன்றில் டேப் வகை சாச்சுரேஷன் (மேல் ஒலிகளைச் சேர்க்கும் லேசான சிதைவு) போட்டு, பின் 180-க்குக் கீழே முழுக்க வெட்டிவிட்டு, 200-இலிருந்து 700 வரையிலான மேல் ஒலிகளை மட்டும் வைத்தேன். 55 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் மடங்குகள் 220, 275, 330 என்று அந்த வட்டத்துக்குள் விழுகின்றன, அவற்றைக் கேட்டால் காது அடி ஸ்வரத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. இந்த நகலை அசலுக்கு 12 டெசிபல் கீழே கலந்தேன். தனியாகக் கேட்டால் கொசு ரீங்காரம், பாட்டோடு கேட்டால் ஃபோனிலும் பேஸ் இருக்கிறது. ஆகவே இரண்டாம் வரியில் அது நிற்பதும் தெரிகிறது. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது சுருக்கத்தில் மேல் ஒலிகள் கொஞ்சம் நசுங்கின, ஆனாலும் அந்த இடம் பிழைத்துவிட்டது. "மூணாவது பல்லவில ஏதோ பண்ணியிருக்க, என்னன்னு தெரியல," என்று பதில் வந்தது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக ஏற்றி, தனித்தனி ட்ராக்குகளையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்துவிட்டேன்.